தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பார்வை

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஏற்காடு ஏரிக்குத்தான் போகிறார்கள். காற்று எழாத காலையில் படகில் ஏறினால், அக்கரை மரங்கள் நீரில் தலைகீழாக நிற்கும். செல்போனில் படம் எடுக்காதவர் குறைவு. எடுத்த படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கரையில் நிற்கும் மரமும் நீரில் தெரியும் மரமும் ஒன்றுபோல இருக்காது. நீரில் கிளைகளின் அடிப்பக்கம் கூடுதலாகத் தெரியும். மரங்களுக்குப் பின்னால் தலைகாட்டும் மலைமுகடு, நீரில் மரங்களுக்குள் பதுங்கிவிடும். சில இடங்களில் காணாமலே போய்விடும்.

மட்டமான பரப்பில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ, அதே கோணத்தில் திரும்பும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிதான். ஓர் இலையிலிருந்து கிளம்பிய கதிர்கள் நீரில் பட்டு நம் கண்ணுக்கு வருகின்றன. அவை வழியில் திரும்பி வந்தவை என்று கண்ணுக்குத் தெரியாது. வந்த திசையிலேயே நேராகப் பின்னோக்கிப் போய், இலை நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் அது இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒரு திரையை வைத்தால் எதுவும் விழாது. மாய பிம்பம் என்பது இதுதான்.

இந்தக் கணக்கை நம் கண்ணுக்கும் போட்டுப் பார்க்கலாம். படகில் உட்கார்ந்தவரின் கண் நீருக்கு மேல் சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏரியில் தண்ணீரே இல்லாமல், அதே கண் நீர்மட்டம் இருந்த இடத்துக்கு 1 மீட்டர் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதைத்தான் நீர்ப்பரப்பு தலைகீழாகக் காட்டுகிறது. தாழ்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இலையின் அடிப்புறம் தெரியும், முன்னே நிற்கும் மரம் பின்னே இருக்கும் மலையை மறைக்கும். ஏரி காட்டுவது நாம் போய் நிற்க முடியாத இடத்திலிருந்து பார்த்த ஏற்காட்டை. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் வியப்புதான்.

படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் பிம்பம் மங்கிவிடும். தெளிந்த நீரென்றால் உள்ளே இருக்கும் பாசிகூடத் தெரியும். செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் தண்ணீர் திருப்பியனுப்புகிறது, மற்றதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. பார்வை சாயச் சாய இந்தப் பங்கு கூடும். 1 மீட்டர் உயரத்திலிருக்கும் கண்ணுக்கு, 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்து நீரில் இது ஏறக்குறைய 6 சதவீதம். 6 மீட்டர் தள்ளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 11 மீட்டரைத் தாண்டினால் பாதிக்கும் மேல். ஒரே ஏரி, காலடியில் ஜன்னலாகவும் தூரத்தில் கண்ணாடியாகவும் இருக்கிறது.

காற்று வந்ததும் பிம்பம் உடையும். சிற்றலையின் முகம் 3 டிகிரி சாய்ந்தால் திரும்பும் கதிர் 6 டிகிரி விலகிவிடும். சாயங்காலம் கரையோர விளக்குகள் நீரில் நம்மை நோக்கி நீண்ட தூண்களாகத் தெரிவது இதனால்தான். விளக்கொளியை நம் கண்ணுக்கு அனுப்பும் சாய்வுள்ள அலைமுகங்கள், விளக்குக்கும் நமக்கும் இடையே ஒரே வரிசையில் நெடுகக் கிடைக்கின்றன. பக்கவாட்டில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

ஏரியை விட்டு வந்தால் காப்பித் தோட்டம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி, இன்று சில்வர் ஓக் நிழலில் மிளகுக்கொடிகளுக்கு நடுவே வளர்கிறது. அதன் இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளக்கும் இடம் பச்சையாக இருக்காது, வானத்தின் வெண்மையோடு இருக்கும். மேலே இருக்கும் மெழுகுப் படலத்திலேயே பட்டுத் திரும்பிய ஒளி அது. இலைக்குள் நுழைந்து, செல்களுக்கிடையே பலமுறை சிதறி, சிவப்பையும் நீலத்தையும் பச்சையத்திடம் பறிகொடுத்து வெளியே வருவதுதான் பச்சை. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் கண்முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் பளபளப்பு அடங்கி, பச்சை அடர்ந்து தெரியும்.

உலோகம் வேறு ரகம். அதில் தளையின்றித் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியை உள்ளே விடுவதில்லை. அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பிவிடும். அலுமினியத்தின் தாதுவான பாக்சைட், ஏற்காடு இருக்கும் இதே சேர்வராயன் மலை உச்சிகளில் கிடைக்கிறது. இங்கிருந்து வெட்டியெடுத்து மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊர்ப் பக்கம் அலுமினியம் பூசிய ஆடிகளில் பெரியது ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் இருக்கிறது: 1986இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் விட்டமுள்ள குழியாடி. ஏரி நீர் கதிர்களை விரிந்தபடியே திருப்பியனுப்புகிறது என்றால், குழியாடி அவற்றை ஓரிடத்தில் கூட்டுகிறது. அங்கே உருவாவது மெய் பிம்பம், கேமராவில் விழும். இத்தகைய பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர் அளவுதான். தூசியும் ஈரமும் பட்டு மங்கும்போது பழைய பூச்சைக் கழுவியெடுத்து, வெற்றிடக் கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் புதிதாகப் படியவிடுகிறார்கள்.