ஸ்பிளின்ட், சிம்பு, ஜபீரா

சென்ற நோன்புக்குச் சற்று முன்னர் உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டா. வைத்தியசாலையில் தந்த துண்டில் எனக்கு விளங்கிய எழுத்து ஒன்றே ஒன்றுதான்: ஸ்பிளின்ட்.

"இதுக்கு நம்மட பாஷையில என்ன மகன் சொல்ற?" என்று கேட்டா.

"கட்டுன்டு சொல்ற உம்மா."

"கட்டுன்டா சீலையும் கட்டுதானே. உள்ளுக்கு வெச்சிருக்கிற மட்டைக்கு என்ன பேரு?"

தமிழ் படிப்பித்தே காலம் கழித்தவன் நான். பதில் வரவில்லை. அன்றிரவு அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வைத்தியருடையதாக இருக்கவில்லை; போர்வீரனுடையது. வட ஜெர்மனி, ஒல்லாந்துப் பக்கத்து மொழிகளிலிருந்து ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் வந்து, கவசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மெல்லிய இரும்புத் தகட்டைக் குறித்தது. முறிந்த எலும்புக்கு அணையாக வைக்கும் மெல்லிய பலகைக்கு அப்பெயர் வந்தது சுமார் நூறு வருடம் கழித்துத்தான். இன்றைய ஜெர்மன் மொழியில் ஸ்பிளின்ட் என்றால் இயந்திரத்தில் போடும் ஒரு பிளவாணி. ஆங்கிலத்திலோ கூடை முடையும் பிளாச்சுக்கும் அதே பெயர். பிளத்தலைக் குறிக்கும் ஸ்பிளிட்டும், விரலில் ஏறும் சிராயைக் குறிக்கும் ஸ்பிளின்டரும் இதற்கு உறவுக்காரச் சொற்கள். ஆக, சொல்லின் அடியில் இருப்பது குணப்படுத்தல் அல்ல, பிளந்தெடுத்த துண்டு.

நம் தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது. மூங்கிலைப் பிளந்தால் வருவது சிம்பு. முறிவுக்கு வைத்துக் கட்டுவதும் சிம்பு. இவ்வளவு நேரான ஒரு சொல் இருக்க, நமது மொழிபெயர்ப்புகளில் ஏன் ஸ்பிளின்டையே தூக்கி வைக்கிறோமோ தெரியாது. உம்மாவின் மட்டையும் பிழையில்லை. கொர்டோவாவின் அறுவை வைத்தியர் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீப்' நூலின் கடைசிப் பாகத்தில் முறிவுகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியவர். சிம்பு செய்ய அவர் சொல்லும் பொருட்களில் நாணற் பிளவும் பேரீச்ச மட்டையும் உண்டு.

அறபு மட்டும் வேறு வழி போயிற்று. அதில் சிம்புக்கு ஜபீரா என்று பெயர். வேர் ஜப்ர்: உடைந்ததைப் பொருத்திச் சீராக்கல். பிளந்த மரத்தைப் பார்க்காமல், அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி, சமன்பாட்டில் குறைத்து நிற்கும் உறுப்பை மறுபக்கம் கொண்டுபோய் நிறைவாக்குவதற்கு இதே சொல்லைத்தான் எடுத்தார். அல்ஜப்ர் என்பதே ஐரோப்பாவில் அல்ஜிப்ரா ஆனது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ஒரு காலத்தில் எலும்பு பொருத்தல் என்ற பொருளும் இருந்தது. ஸ்பானிய மொழியில் முறிவு வைத்தியர் 'அல்ஹெப்ரிஸ்தா'. 1615இல் வெளிவந்த டொன் கிஹோட்டேயின் இரண்டாம் பாகத்தில், குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட ஒருவனை அப்படிப்பட்டவரிடம்தான் கொண்டு போகிறார்கள். பாடசாலையில் அல்ஜிப்ராவால் மண்டை உடைந்த நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.

மறுநாள் சுபஹுக்கு எழும்பிய உம்மாவின் கவலை வேறு. கட்டை அவிழ்க்க ஏலாது, நனைக்கவும் ஏலாது, ஒளு எப்படி? பள்ளிவாசல் மௌலவிக்குத் தொலைபேசி எடுத்தேன். நமது ஷாபிஈ மத்ஹபின்படி, நல்ல இடத்தைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் மஸ்ஹு செய்து, தயம்மமும் செய்யச் சொன்னார். "பிக்ஹு கிதாபில ஜபீரான்டு பாடமே இரிக்கி" என்றார்.

இரவு முழுக்க நான் தேடிய சொல்!

உம்மாவிடம் சொன்னேன். கையைத் தூக்கிக் கட்டை ஒருதரம் பார்த்தா.

"நம்மட மட்டைக்கு இவ்வளவு பெரிய பேரா? சரி, தண்ணியக் கொண்டா. வக்து போகுது."