சைக்கிள் பிறேக்: சிறு செலவில் பெருங்காப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் வாழ்வையும் துவிச்சக்கரவண்டியையும் பிரித்துப் பார்க்க முடியாது. 1990களில் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகியபோது நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளிலேயே சென்றன. 2022ஆம் ஆண்டு நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, மூலையில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அதிகாலையில் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவர், சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் விவசாயி, 1990 ஒக்ரோபர் வெளியேற்றத்தின் பின் நீண்டகாலம் கழித்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பிச் சிறு வியாபாரம் செய்யும் முஸ்லிம் சகோதரர் எனப் பலருக்கும் இன்றும் அதுவே துணை.

ஆயினும், மேடுபள்ளமற்ற எமது மண்ணில் பிறேக் பற்றிய அக்கறை குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. காலை ஊன்றி நிறுத்தும் பழக்கம் அன்றைய வெறும் வீதிகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். காப்பெற் வீதிகளில் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் விரையும் இன்றைய நிலை வேறு. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் நகர்கின்றது. கண் ஆபத்தைக் கண்டு கை பிறேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அத்தூரம் கடந்துவிடும். எஞ்சிய தூரத்தில் உயிரைக் காப்பது பிறேக் மட்டுமே.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். முன்பிறேக் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று அஞ்சிப் பலர் அதனைக் கழற்றியே விடுகின்றனர். ஆனால், வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சில்லின் மீது சாய்வதால், நிறுத்தும் வலு பெரும்பாலும் அங்குதான் உண்டு. பின்பிறேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகும். இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துவதே முறை. ஆகவே, செலவழிக்கக்கூடிய பணம் சிறிதெனில் அதை முன்பிறேக்குக்கே செலவிட வேண்டும்.

எதனை மாற்றலாம் என்பது வண்டியின் வகையைப் பொறுத்தது. கம்பிப் பிறேக் கொண்ட பழைய உயரச் சைக்கிள்களில் கட்டைகள் றிம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. அந்த றிம்மின் பக்கங்கள் தட்டையாக இல்லாததால் வேறு வகைப் பிறேக்கை அதில் பொருத்துவது பயன் தராது. புதிய கட்டைகளும் கம்பி மூட்டுகளின் தளர்வை நீக்குவதுமே அதற்கு ஏற்ற வைத்தியம். இடுக்கி போன்ற கலிப்பர் பிறேக் உள்ளவர்கள், இரட்டை அச்சுக் கலிப்பருக்கு மாறலாம். ஆனால் வாங்குமுன் பிறேக் பூட்டும் துளையிலிருந்து றிம்மின் பக்கம்வரை உள்ள உயரத்தை அளந்துகொள்வது அவசியம். வீ-பிறேக் வலுவானது, எனினும் அதற்குரிய தாங்கிகள் சட்டத்தில் இருக்க வேண்டும். அதன் கைபிடியும் கேபிளைக் கூடுதல் நீளம் இழுப்பதாக இருக்க வேண்டும். பழைய கலிப்பர் கைபிடி அதற்குப் பொருந்தாது. சாதாரண சைக்கிளுக்கு டிஸ்க் பிறேக் பொருத்துவதென்றால் சில்லும் போக்கும் மாற்ற நேரும், அது சிக்கனமன்று.

பெரும்பாலானோருக்கு இவ்வளவும் தேவைப்படாது என்பதே எமது கருத்தாகும். தேய்ந்து கண்ணாடி போல் இறுகிய கட்டைகளை மாற்றுதல், உப்புக்காற்றில் துருவேறிய கேபிளையும் அதன் உறையையும் புதிதாக்குதல், கட்டை டயரில் உரசாது றிம்மில் முழுமையாகப் படியச் செய்தல் ஆகிய மூன்றுமே வண்டியைப் புதிதாக்கிவிடும். ஒரு முனை திறந்த உறைகொண்ட கட்டையாயின், மூடிய முனை சில்லு சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். இல்லையேல் பிறேக் பிடிக்கும்போது கட்டை கழன்று விழும். கேபிளுக்கு எண்ணெய் நன்று. றிம்மில் ஒரு துளியும் படக்கூடாது.

ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மாரிக்காலத்தில் மேலும் அவதானம் தேவை. நனைந்த இரும்பு றிம்மில் பிறேக்கின் பிடிப்பு வெகுவாகக் குறைகின்றது. அலுமினிய றிம் இதில் எவ்வளவோ மேலானது. சில்லு மாற்ற வேண்டி வருவோர் அதனையே தெரிவு செய்யலாம். ஏனையோர் மழையில் வேகத்தைக் குறைத்து, நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னரே மெதுவாகப் பிறேக்கை அழுத்தி நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்குப் புத்தகமும் சப்பாத்தும் வாங்கும் பெற்றோர், அப்பிள்ளை ஏறிச்செல்லும் வண்டியின் பிறேக்கை வாரம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது பெருஞ்சுமை ஆகாது. கைபிடி ஹாண்டிலைத் தொடும் அளவுக்கு இறங்கினால் அன்றே திருத்த வேண்டும். பாடசாலைகளும் தவணை ஆரம்பத்தில் சைக்கிள் தரிப்பிடத்தில் இதனைச் சோதிக்கலாம். விபத்தின் பின் வைத்தியசாலை வாசலில் நிற்பதைவிட, விபத்தின் முன் சைக்கிள் கடை வாசலில் சற்று நேரம் நிற்பது மேலானது அல்லவா?