சுவீடனின் கார்பன் வரி

சுவீடனின் கார்பன் வரி என்பது நிலக்கரி, பெட்ரோலியப் பொருள்கள், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் அளவுக்கு ஏற்ப, அந்நாட்டு அரசு அவ்வெரிபொருள்களின் மீது விதிக்கும் வரியாகும். இது 1991 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வரியை முதலில் விதித்த நாடு பின்லாந்து (1990) ஆகும். எனினும் சுவீடனின் வரிவீதம் பல ஆண்டுகளாக உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

செயற்படும் முறை

இவ்வரிக்காகப் புகையை எவரும் அளப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள கார்பனின் அளவு முன்னரே தெரியுமாதலால், அதனை எரித்தால் வெளியேறும் வாயுவின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். எனவே எரிபொருளை இறக்குமதி செய்வோரிடமும் மொத்தமாக விநியோகிப்போரிடமும் லிட்டருக்கு இவ்வளவு என வரி பெறப்படுகிறது. அது விலையுடன் சேர்ந்து நுகர்வோரைச் சென்றடைகிறது. வரி செலுத்துவோர் சிலரே என்பதால் வசூலிக்கும் செலவும் குறைவு. மரக்கழிவு போன்றவற்றுக்கு இவ்வரி இல்லை.

வரலாறு

தொடக்கத்தில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 250 குரோனா விதிக்கப்பட்டது. அதே காலத்தில் வருமான வரி குறைக்கப்பட்டது. எரிபொருள்களின் மீது ஏற்கெனவே இருந்த எரிசக்தி வரியும் பாதியாக்கப்பட்டது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் ஓரளவு திருப்பித் தந்ததும், வீதத்தைப் படிப்படியாக உயர்த்தியதும் இவ்வரி நிலைத்தமைக்கு முக்கியக் காரணங்கள் எனலாம். 2020 ஆம் ஆண்டில் வீதம் 1,190 குரோனாவாக இருந்தது. மாறாக, ஆஸ்திரேலியாவில் 2012 சூலையில் தொடங்கிய கார்பன் கட்டணம், ஆட்சி மாறியபின் 2014 சூலையில் நீக்கப்பட்டது.

அயல்நாட்டுப் போட்டியால் ஆலைகள் நலிவடையும் என்ற அச்சத்தால், 1993 இல் தொழில்துறைக்கான வீதம் பொது வீதத்தின் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. இச்சலுகை பின்னர் சிறிது சிறிதாகச் சுருக்கப்பட்டு 2018 இல் முடிவுக்கு வந்தது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டத்தில் அடங்கும் பெரிய ஆலைகள் இவ்வரியிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன.

விளைவுகள்

வரியின் தாக்கம் தெளிவாகத் தெரிவது வீடுகளைச் சூடேற்றுவதில்தான். சுவீடன் நகரங்களில் ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்கள் வழியே பல வீடுகளுக்கும் அனுப்பும் முறை முன்னரே இருந்தது. எண்ணெயின் விலை ஏறியதும், அந்நிலையங்கள் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் மரக்கழிவுக்கு மாறின. வீட்டுக்கு வீடு கொதிகலனை மாற்ற வேண்டியிருந்தால் இம்மாற்றம் இவ்வளவு எளிதாக இருந்திராது.

சாலைப் போக்குவரத்தில் பயன் குறைவு. 2019 இல் வெளியான யூலியசு ஆண்டர்சனின் ஆய்வு, கார்பன் வரியும் எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து போக்குவரத்து உமிழ்வைச் சராசரியாக ஏறத்தாழ 11 விழுக்காடு குறைத்தன எனக் கணக்கிட்டது.

1990 க்கும் 2022 க்கும் இடையில் நாட்டினுள் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன, பொருளாதாரமோ வளர்ந்தது. ஆனால் இது முழுவதையும் வரியின் கணக்கில் எழுதிவிட இயலாது. சுவீடனின் மின்சாரத்தின் பெரும்பகுதி 1991 க்கு முன்பே நீராற்றலிலிருந்தும் அணுவாற்றலிலிருந்தும் கிடைத்து வந்தது. மேலும், சுவீடன் மக்கள் வாங்கும் அயல்நாட்டுப் பொருள்களை உருவாக்கும்போது பிற நாடுகளில் எழும் புகை இக்கணக்கில் சேர்வதில்லை.