மணலில் ஓட்ட டயர்க் காற்றை ஏன் குறைக்கிறார்கள்?

பனிமலைச் சாலைகளில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவார்கள். அதன் கண்ணிகள் உறைபனியைக் கடித்துப் பிடிக்கும். கற்பிட்டிக் கடற்கரை மணலிலும் சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்கிறதே, இங்கும் சங்கிலி கட்டலாமா?

பயனில்லை. உலர்ந்த மணலில் கடித்துப் பிடிக்க எதுவுமில்லை, குழிதான் ஆழமாகும்.

அப்படியானால் வழி? டயரில் கொஞ்சம் காற்றை இறக்குங்கள்.

மாவுக் குவியலில் கத்தி முனை சட்டென்று இறங்கும். தட்டு மேலேயே நிற்கும். காற்றுக் குறைந்த டயரும் தட்டைப்போல் நீண்டு பரவி, ஜீப்பின் பாரத்தை அதிக மணல்மீது பகிர்கிறது. புதைவது குறைகிறது.

வழக்கமாக 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரை 20க்கு அருகே குறைப்பார்கள். பிறகு மெதுவாக, சீராக ஓட்டுங்கள். சடுதியாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம்.

தார் வீதியில் ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள். தளர்ந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.