கடதாசியின் தடிப்பும் கொப்பியின் விலையும்

குருக்கள்மடத்துக் கடையொன்றில் அப்பியாசக் கொப்பி வாங்கும் பெற்றோர், அதன் தாளை விரல்களுக்கிடையே நெருடிப் பார்ப்பதுண்டு. விரல் அறிவது தடிப்பை. ஆனால் கடதாசி ஆலை தன் பண்டத்தை விற்பது எடையால். கடைக்காரர் விற்பதோ பக்கக் கணக்கால். ஒரே பண்டத்துக்கு மூன்று அளவைகள் வழங்குகின்றன என்பதும், அவை ஒன்றையொன்று மறைக்க வல்லன என்பதும் ஈண்டு கருதத்தக்கன.

எடையளவை எளிது. ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை இத்தனை கிராம் என்பதே அது. 'எண்பது கிராம் தாள்' என அச்சகத்தார் கூறுவது இதனையே. ஒரு தொன் கடதாசி 60 கிராம் தாளாயின் ஏறத்தாழ 16,667 சதுர மீற்றர் பரப்பைத் தரும். 50 கிராம் தாளாயின் 20,000. பக்க எண்ணும் அட்டைப்படமும் மாறாதிருக்க, ஐந்திலொரு பங்கு கொப்பிகள் கூடுதலாகக் கிடைத்துவிடுகின்றன. விலையை உயர்த்தாமலே விலையை உயர்த்தும் வழி இது. மறுபுறத்தில் மை ஊறித் தெரியும்போதே மாணவர் இதனை உணர்கின்றனர்.

அவ்வாறாயின் தடிப்பை அளந்து உண்மையறியலாகாதா எனக் கேட்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளக்கலாம்தான். எனினும் கடதாசி அமுங்கும் இயல்பினது. திருகை முறுக்க முறுக்க அளவு குறையும். ஆகவேதான் ஐ.எஸ்.ஓ. 534 என்னும் சர்வதேச நியமம், தட்டையான இரு முகங்களுக்கிடையே 100 கிலோபாஸ்கல் அமுக்கத்தில், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தில், அளத்தலை விதிக்கின்றது. ஈரலிப்பும் குறுக்கிடும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மாரிக்காலத் தாள் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஆய்வுகூடங்களோ பொதுவாக 23 பாகை வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதனிலும் தாளை வைத்திருந்தே அளக்கின்றன. தடிப்பு என்பது தாளில் தானாக உறையும் எண்ணன்று. மனிதர் உடன்பட்டு வகுத்த நிபந்தனைகளின் விளைவு.

மேலும், தடிப்பு எடையைப் பின்தொடர்வதில்லை. சாதாரண 80 கிராம் தாள் ஏறக்குறைய 100 மைக்கிரோன் தடிப்புடையது; 200 பக்க நூல் அட்டை நீங்கலாக 10 மில்லிமீற்றர் வரும். அதே எடையில் பொங்கிய தாளைக் கையாண்டால் அது 13 மில்லிமீற்றரை எட்டிவிடும். (மெலிந்த கவிதைத் தொகுதிகள் சில பருத்து வெளிவருவதன் இரகசியமும் இதுவே.) மாறாக, உருளைகளிடையே அழுத்தப்பட்ட தாள் எடை குன்றாமலே மெலியும். 1950களில் உருவாகிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டிருந்தது. வைக்கோல் நார் குறுகியது, நெருங்கிப் படிவது. அத்தகைய தாள் எடைக்கேற்ற தடிப்பைக் காட்டாது. விரலை மட்டும் நம்புவோர் அதனைக் குறைத்தே மதிப்பிடுவர்.

மட்டையின் நிலை வேறு. அங்கு தடிப்பே பயன்மதிப்பு. ஒரே பொருளாலான மட்டையின் தடிப்பு இரட்டித்தால், வளையாது நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகும். பெட்டி செய்வோர் மில்லிமீற்றரைக் கேட்பது அதனாலேயே.

கொப்பிக்கோ தராசே உரைகல். ஏ4 தாள்கள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். அவற்றின் நிறை எத்தனை கிராமோ, அதுவே அத்தாளின் எடையளவை. கொப்பித் தாளின் நீள அகலங்களைப் பெருக்கி, அதற்கும் இவ்வாறே கணக்கிடலாம். கடையிலேயே தராசு இருக்கின்றது.