தெளிந்த நீரில் ஒளிந்த நஞ்சு

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. வாடை இல்லை. ருசியும் மாறவில்லை. இது நல்ல தண்ணீர்தானே?

மேற்கு வங்காளத்து மக்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

அங்கே முன்பு பலரும் குளத்து நீரைக் குடித்தார்கள். அதனால் காலராவும் வயிற்றுப்போக்கும் வந்தன. குழந்தைகள் பலர் இறந்தார்கள். ஆகவே ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள். நிலத்தடி நீர் சுத்தமானது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சில ஆண்டுகள் சென்றன. வேறொரு நோய் தலைகாட்டியது. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகள் வந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாயின. தொழுநோய் என்று பயந்து அக்கம்பக்கத்தார் ஒதுங்கினார்கள். பெண்களுக்குக் கல்யாணம் தடைபட்டது.

1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா காரணத்தைக் கண்டுபிடித்தார். இது தொழுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. குடிநீரில் இருந்த ஆர்சனிக் என்ற நஞ்சுதான் காரணம். பாஷாணம் என்கிறோமே, அந்த வகை விஷம்.

நஞ்சு எப்படி வந்தது?

யாரும் கலக்கவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டல் மண்ணில் ஆர்சனிக் இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்தில் அது மண்ணை விட்டுப் பிரிந்து நீரில் கரைகிறது. அந்த நீரைத்தான் அடிபம்பு மேலே கொண்டு வந்தது.

ஊர் ஊராகச் சென்ற விஞ்ஞானி

கொல்கத்தா நகரில் ஜாதவ்பூர் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர் தீபங்கர் சக்ரவர்த்தி. வேதியியல் விஞ்ஞானி. வெளிநாடுகளிலும் ஆராய்ச்சி செய்தவர்.

1988இல் அவர் ஆர்சனிக் ஆய்வில் இறங்கினார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. தம் குழுவினருடன் கிராமம் கிராமமாகப் போனார். தண்ணீர் எடுத்தார். மக்களின் முடியையும் நகத்தையும் வாங்கி வந்து சோதித்தார். உடலில் சேர்ந்த நஞ்சை முடியும் நகமும் காட்டிக் கொடுக்கும்.

வீண் பீதி கிளப்புகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவர் நிறுத்தவில்லை. 20 ஆண்டுகளில் மேற்கு வங்காளத்தில் மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம் அடிபம்புகளின் நீரை அவருடைய குழு சோதித்தது. ஏறக்குறையப் பாதிப் பம்புகளில் நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது.

அந்த அளவு எவ்வளவு தெரியுமா? 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்து. அந்த 10 லாரித் தண்ணீருக்கும் சேர்த்து 1 கிராம்தான். அதைத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் புற்றுநோயும் வரலாம்.

வங்கதேசத்திலும் அவர் ஆய்வு செய்தார். 2002இல் பீகாரிலும் இந்த நஞ்சைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2018இல் அவர் காலமானார்.

சோறும் தண்ணீரும்

இந்த நஞ்சு ஏழைகளையே அதிகம் வாட்டுகிறது. பருப்பு, முட்டை, மீன், காய்கறி என்று சத்தாகச் சாப்பிடாத உடம்பு நஞ்சைத் தாங்காது. வயலுக்குப் பாய்ச்சும் நீரில் நஞ்சு இருந்தால் அரிசியிலும் ஏறும். அந்த நீரில் சோறு சமைத்தால் இன்னும் கூடும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் ஆர்சனிக் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

பிறகு என்ன வழி? மழைநீரையும் ஆற்று நீரையும் சுத்தம் செய்து குடிக்க வேண்டும் என்று தீபங்கர் சொல்லி வந்தார். வங்கதேசத்தில் பம்புகளைச் சோதித்து வர்ணம் பூசினார்கள். சிவப்பு என்றால் குடிக்காதே. பச்சை என்றால் குடிக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

நம் தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் அதிகம். அது பல்லைக் கறையாக்கும். எலும்பையும் கெடுக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் ஊர் அடிபம்பு நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சோதிக்கச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்திடம் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சோதித்த தாளை வாங்கி நீங்களே படியுங்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அதில் இருக்கும். ஆர்சனிக் 0.01, ஃபுளோரைடு 1.5. இவற்றைத் தாண்டக் கூடாது. ஆர்சனிக் 0.05 என்று இருந்தால், சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது 5 மடங்கு.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சை அந்தத் தாளில் உள்ள எண் காட்டும். அதைப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும்.