மூன்று மாதக் குழந்தையின் அசைவைக் கவனிப்போம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை பத்து மாதமாகியும் உட்காரவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "அவன் வாப்பாவும் இப்படித்தான், ஒன்றரை வயசுலதான் நடந்தான்" என்கிறோம். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிறந்ததும் அழாத குழந்தை, முதல் வாரத்திலேயே வலிப்பு வந்த குழந்தை, மிகக் குறைந்த எடையோடு இன்குபேட்டரில் இருந்த குழந்தை ஆகியோர் விஷயத்தில் நாம் இப்படிக் காத்திருக்கக் கூடாது.

பெருமூளை வாதத்தை (செரிப்ரல் பால்ஸி) ஒரு வயதுக்குப் பிறகே உறுதி செய்வது நீண்டகால வழக்கம். ஆபத்துள்ள குழந்தைகளிடம் ஐந்து மாதத்துக்கு முன்பே இதைக் கண்டறியலாம் என்று 2017-ல் பன்னாட்டு நிபுணர்கள் வழிகாட்டுதல் வெளியிட்டனர்.

எப்படி? குழந்தை விழித்து, அழாமல், மல்லாந்து படுத்திருக்கும்போது சில நிமிடங்கள் வீடியோ எடுக்கிறார்கள். பொம்மை காட்டக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் நலமான குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எல்லாம் சிறுசிறு வட்டங்களாக ஓயாமல் துருதுருவென்று அசையும். இந்த அசைவு அறவே இல்லாவிட்டால் அது வலுவான எச்சரிக்கை. ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெஹ்ட்ல் வகுத்த முறை இது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஆனால் வீடியோவைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் வேண்டும். நாமே பார்த்து முடிவு கட்டிப் பயந்துவிடக் கூடாது. இதோடு மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், 26 அம்சங்களைச் சோதித்து 78 வரை மதிப்பெண் தரும் ஹேமர்ஸ்மித் பரிசோதனையும் சேரும்போது முடிவு உறுதியாகிறது.

வயதைக் கணக்கிடுவதில் பலரும் தடுமாறுகிறோம். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஐந்து மாதம் என்றால், மூன்று மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவையும் உண்டு. நான்கு மாதம் கடந்தும் கைவிரல்களை மூடியே வைத்திருப்பது, ஒன்பது மாதமாகியும் பிடிமானமில்லாமல் உட்காராதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் "இடது கைப் பழக்கம்" என்று சிரித்துவிட்டு விடுகிறோம். அதுவும் காட்ட வேண்டிய அறிகுறிதான்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகும், இடுப்பு மூட்டு விலகும். குழந்தையின் மூளை வேகமாக வளரும் மாதங்களிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் டி.இ.ஐ.சி. மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். போகும்போது பிரசவ மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.